பாஸ்போட் படம்: பதிவு ஸ்ரூடியோவா, தெரிந்த ஸ்ரூடியோவா, கொமினிக்கேசன் கடையா, வீட்டுப் போனா?

"பாஸ்போட் சைஸ் படம் நாலு தாங்கோ" என்று கேட்டு வாங்கிய படம் திரும்பி வந்தால் கடைக்காரரில் பாதிப் பிழைதான். மீதிப் பாதி கேட்ட விதத்தில் இருக்கிறது. பாஸ்போட் சைஸ் என்று உலகம் முழுக்கச் செல்லும் ஓர் அளவு கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் ஒரே கிழமைக்குள் மூன்று நாட்டு விண்ணப்பங்கள் நிரப்பப்படுவது புதினமில்லை. அம்மம்மாவைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இந்திய விசா, பேரனுக்கு முதல் இலங்கைக் கடவுச்சீட்டு, லீவில் வந்து நிற்கும் மாமாவுக்கு முடியப்போகும் கனடாப் பாஸ்போட். மூன்று பேரும் ஒரு கடையில் ஒரே அளவில் எடுத்தால் இரண்டு பேருடைய படமாவது பிழைத்துப்போகும்.

ஆகவே "எங்கே எடுக்கிறது?" என்ற கேள்விக்கு முன்னால் "எதற்கு எடுக்கிறது?" என்பது வரவேண்டும். அது தெரிந்தால் நான்கு வழிகளில் இரண்டு தானாகவே கழிந்துவிடும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவது, யார் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு. சில விண்ணப்பங்கள் குறிப்பிட்ட ஆட்கள் எடுத்த படத்தை மட்டுமே ஏற்கும். அங்கே விலையையும் வசதியையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

இரண்டாவது, தலையின் அளவு. ஆட்கள் படத்தின் வெளிச்சட்டத்தை அளக்கிறார்கள். சரிபார்ப்பவர்கள் நாடியிலிருந்து உச்சி வரை அளக்கிறார்கள். சட்டம் சரியாக இருந்து தலை பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் படம் செல்லாது. கூடுதலாகப் பிழை நடக்கும் இடமும் இதுதான்.

மூன்றாவது, முகம் முகமாகவே இருக்கிறதா என்பது. நிறத்தை ஏற்றியது, மச்சத்தை அழித்தது, தோலை வழுவழுப்பாக்கியது எல்லாம் திருத்திய படம். விமான நிலையத்தில் இயந்திரம் ஒப்பிடப்போவது உங்கள் முகத்தை, ஸ்ரூடியோ செய்துதந்த முகத்தை இல்லை.

நான்காவது, கடதாசியா கோப்பா. கடதாசி என்றால் எந்தக் கடதாசி, பின்பக்கம் என்ன எழுத வேண்டும். கோப்பு என்றால் எத்தனை புள்ளி (பிக்சல்), எத்தனை கிலோபைட்.

கடைசியாக, படம் பிழைத்தால் அடுத்த தரம் போய்வர என்ன செலவாகும் என்பது. திருநெல்வேலியில் இருப்பவருக்கு அது சைக்கிளில் பத்து நிமிடம். நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகட்டுவானுக்குப் படகும் அங்கிருந்து பஸ்ஸுமாக ஒரு முழு நாள். கொழும்பில் தூதரக வாசலில் வைத்துப் பிழை தெரியவந்தால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாண்டி வந்த பயணமே ஆட்டங்காணும். படத்துக்குக் கொடுக்கும் காசு இதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

## அளவுகள்

| எதற்கு | வெளிச்சட்டம் | நாடி முதல் உச்சி வரை | பின்னணி | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| இலங்கைக் கடவுச்சீட்டு (உள்நாட்டில்) | ஸ்ரூடியோ நேரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்பும் | ஸ்ரூடியோவின் பொறுப்பு | ஸ்ரூடியோவின் பொறுப்பு | ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும் |
| இந்திய இ-விசா | சதுரம் (கோப்பு) | முழுத் தலையும் நடுவில் | வெள்ளை அல்லது வெளிர் நிறம் | ஜேபெக் (JPEG) வகைக் கோப்பு, 10 கிலோபைட் முதல் 1 மெகாபைட் வரை. கண்ணாடி கூடாது |
| அமெரிக்க விசா | 51×51 மி.மீ. | 25–35 மி.மீ. | வெள்ளை அல்லது சற்றே மங்கிய வெள்ளை | கோப்பு 600×600 முதல் 1200×1200 புள்ளி வரை, 240 கிலோபைட்டுக்குள். கண்ணாடி கூடாது |
| கனடா விசா | 35×45 மி.மீ. | 31–36 மி.மீ. | வெள்ளை அல்லது வெளிர் நிறம் | பின்பக்கம் பெயரும் பிறந்த திகதியும் |
| கனடாப் பாஸ்போட், கனடா நிரந்தர வதிவிடம் | 50×70 மி.மீ. | 31–36 மி.மீ. | வெள்ளை அல்லது வெளிர் நிறம் | பின்பக்கம் ஸ்ரூடியோவின் பெயர், விலாசம், எடுத்த திகதி |
| பிரித்தானியப் பாஸ்போட் | 35×45 மி.மீ.; கோப்பென்றால் குறைந்தது 600×750 புள்ளி | 29–34 மி.மீ. | கிறீம் அல்லது வெளிர்சாம்பல் | கடைசி ஒரு மாதத்துக்குள் எடுத்தது |
| ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொது) | 35×45 மி.மீ. | 32–36 மி.மீ. | வெளிர் நிறம் | படத்தின் உயரத்தில் 70–80 வீதம் முகம் |

கனடா வரிசைகள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சட்டம் 35×45 இலிருந்து 50×70 ஆகப் பெருக்கிறது. தலை அதே 31–36 தான். அதாவது பெரிய சட்டத்துக்குள் தலை சிறிதாகவும் சுற்றிவர இடம் கூடுதலாகவும் தெரிய வேண்டும். ஏற்கெனவே வெட்டிய 35×45 படத்தைக் கணினியில் இழுத்து 50×70 ஆக்கினால் 34 மி.மீ. தலை 50 மி.மீற்றரைத் தாண்டிவிடும். அதே படத்தை அமெரிக்கச் சதுரத்துக்கு இழுத்தாலும் தலை கிட்டத்தட்ட 50 மி.மீ. ஆகி, சட்டத்தின் மேலும் கீழும் முட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு ஒரே மருந்து, நெஞ்சு வரைக்கும் தெரிய, தலைக்கு மேலும் இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு ஒரு மூலப்படம் எடுத்து, ஒவ்வொரு தேவைக்கும் அதிலிருந்து புதிதாக வெட்டுவது.

## திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோ

இலங்கைக்குள் இருந்து கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பவருக்குத் தெரிவு இது ஒன்றுதான். 2015 இலிருந்து குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் தன்னிடம் பதிந்த ஸ்ரூடியோக்களில் எடுத்த படத்தையே ஏற்கிறது. படம் கணினி வழியாக நேரே திணைக்களத்துக்குப் போகும், உங்கள் கையில் தருவது ரசீதைத்தான். விண்ணப்பத்தை யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் 2025 செப்டெம்பரில் திறந்த பிராந்திய அலுவலகத்தில் கொடுத்தாலும், வவுனியாவிலோ பத்தரமுல்லையிலோ கொடுத்தாலும், இணையத்தில் நிரப்பிவிட்டுப் பிரதேச செயலகத்தில் கைவிரல் அடையாளம் வைத்தாலும் படத்துக்கு இதே நடைமுறைதான்.

ஸ்ரூடியோக்களின் பட்டியல் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மாவட்ட வாரியாக இருக்கிறது. வாசலில் தொங்கும் பலகையை நம்பிப் போவதைவிட அந்தப் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இங்கே நடக்கும் பிழைகள் படத்தில் குறைவு, விபரத்தில் கூட. ரசீதிலுள்ள பெயரும் அடையாள அட்டை இலக்கமும் விண்ணப்பத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பழைய அட்டையின் இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். புதியது பன்னிரண்டு எண். விண்ணப்பத்தில் எதை எழுதப்போகிறீர்களோ அதையே ஸ்ரூடியோவிலும் சொல்லுங்கள். தேசிய அடையாள அட்டைக்கும் இதே மாதிரி ஸ்ரூடியோவில் இருந்து படம் போகிறது, ஆனால் அது ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு. "ஐசி படமா, பாஸ்போட் படமா" என்று கதிரையில் இருக்க முதலே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், அந்தப் படத்தைக் கொண்டு வேறெதற்கும் விண்ணப்பிக்க முடியாது. கையில் இருப்பது ரசீது. விசாவுக்கும் படம் தேவையென்றால், அதே இருப்பில் இன்னொரு படம் அகலமாக எடுத்து, திருத்தாத கோப்பாகத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

கைக்குழந்தையைக் கொண்டுபோகிறவர்கள் பால் குடித்து நித்திரையால் எழும்பிய நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரமும் சனிக்கிழமைக் காலையும் கடையில் ஆட்கள் கூடும் நேரம். வரிசையில் அரை மணித்தியாலம் காத்திருந்த பிள்ளை கமெராவைக் கண்டதும் அழும்.

## தெரிந்த ஸ்ரூடியோ

வெளிநாட்டு விசாவுக்கும் வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கும் திணைக்களப் பதிவு தேவையில்லை. நல்ல விளக்கும் அளவு தெரிந்த ஆளும் உள்ள எந்த ஸ்ரூடியோவும் போதும். கனடாவுக்கு இது வெறும் வசதிக்காகச் சொல்வதல்ல. கனடாப் பாஸ்போட்டுக்கும் நிரந்தர வதிவிடத்துக்கும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் எடுத்த படம் கேட்கிறார்கள். பின்பக்கம் ஸ்ரூடியோவின் பெயர், முழு விலாசம், படம் எடுத்த திகதி மூன்றும் கையால் எழுதியோ முத்திரை குத்தியோ இருக்க வேண்டும். பாஸ்போட் படத்தின் பின்னால் இதை லேபிளாக ஒட்டினால் செல்லாது. முத்திரையில் கடைப்பெயரும் போன் இலக்கமும் மட்டும் இருந்தால் வீதியின் பெயரையும் ஊரையும் பேனையால் எழுதுவியுங்கள். முத்திரை மை காயமுதல் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் பின்னால் குத்தியது அடுத்த படத்தின் முகத்தில் பதியும். பளபளப்புக் கடதாசியில் இது அடிக்கடி நடக்கிறது.

இந்த வழியின் பெரிய ஆபத்து ஸ்ரூடியோக்காரரின் நல்லெண்ணம். வாடிக்கையாளர் வடிவாகத் தெரியவேண்டும் என்று முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கி, பருவை எடுத்து, கண்ணுக்குக் கீழுள்ள கருமையைத் துடைத்து, சிலசமயம் சட்டைக் கழுத்தையே வேறு கோட்டாக மாற்றித் தருவார்கள். கலியாணப் படத்துக்கு அது சேவையாக இருக்கலாம். இங்கே அது நிராகரிப்புக்குக் காரணம். அமெரிக்காவும் பிரித்தானியாவும் மென்பொருளால் மாற்றிய படம் செல்லாது என்று எழுத்திலேயே சொல்கின்றன. எங்கள் ஊரில் முகத்தில் காயத்தழும்பு உள்ளவர்கள் பலர். அந்தத் தழும்பு படத்தில் இருக்கவேண்டும். மச்சமும் இருக்கவேண்டும். எங்கள் தோலின் நிறமும் உள்ளபடியே இருக்கவேண்டும். "ஒன்றையும் தொடாதேங்கோ, வெட்டி மட்டும் தாங்கோ" என்று எடுக்க முதலே சொல்லிவிடுங்கள். எடுத்தபிறகு சொன்னால் திருத்தம் பாதி நடந்திருக்கும்.

இன்னொரு பிழை, நீலப் பின்திரையில் எடுத்துக் கணினியில் வெள்ளையாக்குவது. தலைமயிர் விளிம்பில் நீலக்கோடு நிற்கும், காதின் நுனி வெட்டுப்படும், சுருள்முடி தொப்பி வைத்தமாதிரி வரும். வெள்ளைத் திரை இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவதே நல்லது.

பொட்டு முகத்தை மறைப்பதில்லை. நெற்றி நிறையப் பூசிய திருநீறும் சந்தனமும் விளக்கடியில் வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். கோயிலால் வந்த கையோடு போகிறவர்கள் அதைக் கொஞ்சம் மெலிதாக்கிக்கொள்ளலாம். சமயத்துக்காகத் தலையை மூடுபவர்களுக்கு நெற்றியிலிருந்து நாடி வரை முழு முகமும் நிழல் விழாமல் தெரிந்தால் போதும். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பின்னணியும் சேர்ந்தால் தோள் கரைந்துபோகும், ஆகவே கடும் நிறச் சட்டை போடுங்கள்.

## கொமினிக்கேசன் கடை

போட்டோக் கொப்பி எடுத்து, விசா விண்ணப்பமும் நிரப்பித் தரும் கடைகள். போனில் இருக்கும் படத்தை அனுப்பினால் வெட்டி, பின்னணி மாற்றி, ஐந்து நிமிடத்தில் பிறின்ற் கையில் வரும். நாலு வழியிலும் இதுதான் விரைவு, அனேகமாக மலிவும் கூட. கூடுதலாகப் பிழைப்பதும் இதில்தான், காரணங்கள் எப்போதும் ஒன்றுதான்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகிறது. அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டினால் மிஞ்சும் புள்ளிகள் காணாது. 35×45 மி.மீ. படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பிறின்ற் எடுக்க 413×531 புள்ளி வேண்டும். 50×70 க்கு 591×827. குடும்பப் படத்தின் மூலையில் நிற்பவரின் தலையை வெட்டி இதை எட்ட முடியாது. படத்தை ஆவணமாக அனுப்புங்கள், அல்லது வயரால் நேரே ஏற்றுங்கள்.

அடுத்தது பிறின்ரர். 4×6 அங்குலக் கடதாசியில் 35×45 படம் எட்டு அடுக்கலாம், 50×70 என்றால் நாலு. அடுக்கியது சரியாக இருந்தாலும், கரையில்லாத பிறின்ற் என்ற தெரிவு கடதாசியின் விளிம்பு வரை மை போக வேண்டும் என்பதற்காகப் படத்தைச் சற்றுப் பெருப்பிக்கும். பக்கத்துக்குப் பொருத்து என்ற தெரிவு சுருக்கும். இரண்டிலும் 45 மி.மீ. 45 ஆக வராது. அளவை மாற்றாமல், 100 வீதத்தில் எடுக்கும்படி சொல்ல வேண்டும். பிறகு கடையிலேயே அடிமட்டம் வாங்கி வெளிச்சட்டத்தையும் தலையையும் அளந்து பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. சாதாரண ஏ4 தாளிலோ தடித்த அட்டையிலோ எடுத்தது விசாவுக்கு உதவாது, போட்டோக் கடதாசிதான் வேண்டும்.

இந்த வழி நல்லதாக அமையும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒழுங்காக எடுத்த மூலப்படம் கையில் இருக்கிறது, பிறின்ற் மட்டும் தேவை, ஸ்ரூடியோ முத்திரை தேவையில்லை. இந்தியத் தாள் விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரப் படம், ஷெங்கன் விசாவுக்குப் படம் என்பவை அப்படி. கடையிலுள்ளவர் பின்னணியைத் தானாக அழிக்கும் செயலியைத் திறந்தால் மட்டும் மறித்துவிடுங்கள்.

## வீட்டில் போன்

கோப்பாக ஏற்றும் விண்ணப்பங்களுக்கு இதைப் பலர் பயந்து தவிர்க்கிறார்கள். தேவையில்லை. இந்திய இ-விசாவுக்கும் அமெரிக்க விசாப் படிவத்துக்கும் பிரித்தானியப் பாஸ்போட் இணைய விண்ணப்பத்துக்கும் கவனமாக எடுத்த போன் படம் போதும். பிரித்தானியப் பாஸ்போட்டுக்குப் படம் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால், ஆவணங்கள் எல்லாம் சேர்ந்தபிறகு வீட்டிலேயே எடுப்பது உண்மையில் வசதி. மற்ற நாடுகள் பொதுவாக ஆறு மாதம் வரை விடுகின்றன.

எடுக்கும் முறை இது.

செல்பி வேண்டாம். கைநீளத் தூரத்தில் மூக்குப் பெருத்துக் காது சுருங்கும். பல போன்களின் முன் கமெரா படத்தை இடம்வலம் மாற்றியும் வைக்கும்; இடது கன்னத்து மச்சம் வலதுக்குப் போய்விடும். பின் கமெராவை இன்னொருவர் பிடிக்கவேண்டும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று, கண் மட்டத்தில் வைத்து, இரண்டு மடங்கு சூம் போட்டு எடுக்கலாம்.

வெளிச்சம் முகத்துக்கு நேரே வரவேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கு விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், வெளியைப் பார்த்தபடி இருப்பது நல்ல வெளிச்சம். தலைக்கு மேலுள்ள ரியூப்லைற்றுக்குக் கீழே இருந்தால் கண்குழியிலும் நாடிக்குக் கீழும் நிழல் விழும். ஒரு பக்கம் யன்னல், மறுபக்கம் மஞ்சள் பல்ப் என்றால் முகத்தின் பாதி மஞ்சளாகும். பிளாஷ் போட்டால் நெற்றி மினுங்கும், பின்னால் நிழல் ஒட்டும்.

சுவர் பச்சையோ றோசோ என்றால் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியை மடிப்புத் தெரியாமல் இழுத்துக் கட்டுங்கள். இருப்பவர் அதிலிருந்து ஒரு மீற்றராவது முன்னுக்கு இருக்கவேண்டும். அந்த இடைவெளிதான் நிழலை இல்லாமலாக்கும். வெள்ளைப் பின்னணியைக் கண்டதும் போன் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், கறுத்த முகம் இன்னும் இருண்டு வரும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்று ஏற்றிவிட்டு எடுத்தால் முகம் முகமாக வரும். அழகுபடுத்தும் தெரிவையும் பின்னணியை மங்கலாக்கும் தெரிவையும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, காதையும் முடியையும் சேர்த்தே மங்கலாக்கும்.

வாய் மூடி, கண் திறந்து, தலை சாயாமல். இருபது படம் எடுங்கள், ஒன்று தேறும்.

கோப்பை அனுப்பும்போது ஐபோன்காரர் படவகையை ஜேபெக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் படிவத்தின் 240 கிலோபைட் எல்லைக்கு 1200 புள்ளிச் சதுரம் சிலவேளை பெருத்துவிடும். 800 அல்லது 900 ஆகக் குறைத்தால் தரம் கெடாமல் உள்ளே நிற்கும். திரையைப் படம்பிடித்து அனுப்புவது மட்டும் கூடாது.

குழந்தைக்கு வெளிநாட்டுப் பாஸ்போட் என்றால், அந்த நாடு ஸ்ரூடியோப் படம்தான் வேண்டும் என்று கேட்காதவிடத்து, வீட்டில் எடுப்பதே மேல். கட்டிலில் வெள்ளைப் பெட்சீற் விரித்துப் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கலாம். உங்கள் நிழல் பிள்ளையின் முகத்தில் விழாமல், யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். சூப்பி, கிலுக்கி, தாங்கிப் பிடிக்கும் கை ஒன்றும் தெரியக்கூடாது. பிரித்தானிய விதியில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கண் திறந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வயது வரை நேரே பார்க்கவும் தேவையில்லை.

## அந்த மூன்று பேருக்கும்

பேரன் பதிவு ஸ்ரூடியோவுக்குத்தான் போகவேண்டும். அம்மம்மா படி இறங்கத் தேவையில்லை: விறாந்தைக் கதிரையில் இருத்தி, கண்ணாடியைக் கழற்றி, போனில் எடுத்துச் சதுரமாக வெட்டி ஏற்றலாம். மாமா அளவு தெரிந்த ஸ்ரூடியோ ஒன்றில் 50×70 எடுத்து, பின்பக்கம் முத்திரையும் திகதியும் வாங்கவேண்டும். பேரனோடு ஒரே ஸ்ரூடியோவுக்குப் போனால் ஒரே அலைச்சலில் இரண்டு வேலையும் முடியும். கடையில் அவர் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "கனடாப் பாஸ்போட்டுக்கு ஒரே மாதிரி இரண்டு படம், அகலம் ஐம்பது, உயரம் எழுபது மில்லிமீற்றர். நாடியிலிருந்து உச்சிக்கு முப்பத்திநாலுக்குக் கிட்ட வரட்டும். வெள்ளைத் திரையில் எடுங்கோ. முகத்தில் ஒன்றும் திருத்தாதேங்கோ. மூலக் கோப்பையும் தாங்கோ."